லாக்கருக்கு எவ்வளவு காற்று வேண்டும்?

நீங்கள் கேட்டது இது: முன், பின் இரண்டு ஆக்சிலிலும் காற்றால் பூட்டும் டிஃப்ரென்ஷியல் லாக்கர் (ஆக்சிலின் இரு சக்கரங்களையும் ஒன்றாகச் சுற்றவைக்கும் பூட்டு) போடப் போகிறீர்கள், டயருக்குக் காற்றடிக்கும் 12 வோல்ட் பம்ப் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, அதையே லாக்கருக்கும் இணைக்கலாமா, இல்லை டேங்க்கோடு பெரிய கம்ப்ரெசர் வாங்கியே ஆக வேண்டுமா? இந்தக் கேள்விக்குள் இருக்கும் கவலை எனக்குப் புரிகிறது. ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்க, வண்டி பாதி ஏறிய நிலையில் நிற்கும்போது சுவிட்சைத் தட்டினால் லாக்கர் பூட்டுமா, ஏறி முடிக்கும்வரை பூட்டியபடியே இருக்குமா என்பதுதான் அது. அதற்கான பதில் பெரும்பாலும் கம்ப்ரெசரைத் தாண்டித்தான் இருக்கிறது: சோலினாய்டில் (மின்சாரத்தால் திறந்து மூடும் காற்று வால்வு), டியூபில், ஆக்சிலுக்குள் உட்கார்ந்திருக்கும் சிறு ரப்பர் வளையங்களில், ஒயரிங்கில். பல வருடங்களாக இந்த வேலையில் இருக்கிறேன். லாக்கர் பிடிக்கவில்லை என்று வருகிற வண்டிகளில், கம்ப்ரெசர் சிறியதாகப் போனதால் வந்த பழுது அபூர்வம். எங்கோ காற்று கசிந்துகொண்டிருக்கும், அல்லது மின்சாரம் சரியாகப் போய்ச் சேர்ந்திருக்காது.

காற்று உள்ளே போய் என்ன செய்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். அளவுகளெல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன. சாதாரண டிஃப்ரென்ஷியலில் (என்ஜினின் விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் கியர் தொகுதி) அதன் கேஸ், அதாவது வெளிக்கூடு, சுற்றும்போது உள்ளே இருக்கும் இரண்டு சைடு கியர்களும் அவரவர் வேகத்தில் சுற்றலாம். அதனால்தான் ஒரு சக்கரம் சும்மா சுற்ற, மறு சக்கரம் அசையாமல் நிற்கிறது. ஏர் லாக்கரில் வளைய வடிவில் ஒரு பிஸ்டன் இருக்கும். காற்று அதைத் தள்ள, அது பற்கள் கொண்ட ஒரு வளையத்தை நகர்த்தி, ஒரு சைடு கியரைக் கேஸோடு பிணைத்துவிடும். ஒரு பக்கம் கேஸோடு பிணைந்துவிட்டால் நடுவிலுள்ள சிறு கியர்கள் உருள வழியில்லை. மறு பக்கமும் கூடவே சுற்றியாக வேண்டும். காற்றை வெளியே விட்டால் ஸ்பிரிங் அந்த வளையத்தைப் பின்னுக்குத் தள்ளிவிடும். கவனிக்க வேண்டியது இதுதான்: சக்கரத்துக்குப் போகும் முழு விசையையும் தாங்குபவை உலோகப் பற்கள். ஸ்பிரிங்கை வென்று அந்தப் பற்களைக் கோத்த நிலையில் வைத்திருப்பது மட்டுமே காற்றின் வேலை. ஆகவே கூடுதல் அழுத்தம் கொடுத்தால் லாக்கர் கூடுதல் பலத்தோடு பூட்டும் என்பது சரியல்ல. போதுமான அழுத்தம் வந்த பிறகு, அதற்கு மேல் ஏற்றுவது ரப்பர் வளையங்களின் ஆயுளைத்தான் குறைக்கும்.

எவ்வளவு காற்று தேவை என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். உள்விட்டம் 4 மில்லிமீட்டர் உள்ள நைலான் டியூப் 5 மீட்டர் நீளம் ஓடுகிறது என்று வையுங்கள். அதன் மொத்தக் கொள்ளளவு சுமார் 63 மில்லிலிட்டர். அதை 100 பி.எஸ்.ஐ. (டயர் காற்றை அளக்கும் அதே அழுத்த அளவு) வரை நிரப்ப, வெளியிலுள்ள சாதாரணக் காற்றில் அரை லிட்டருக்கும் குறைவாகவே வேண்டும். பிஸ்டன் நகரும் அறைக்கும் சேர்த்துத் தாராளமாக ஒரு லிட்டர் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு தடவை லாக்கர் பூட்ட ஒரு லிட்டர் காற்று! நிமிடத்துக்கு 15 லிட்டர் மட்டுமே தரும் மிகச் சிறிய கம்ப்ரெசரும் நாலு வினாடியில் அதைக் கொடுத்துவிடும். இப்போது டயரைப் பாருங்கள். சுமார் 80 லிட்டர் கொள்ளளவுள்ள பெரிய டயரை 18 பி.எஸ்.ஐ.யிலிருந்து 36 பி.எஸ்.ஐ.க்குக் கொண்டுவர ஏறத்தாழ 98 லிட்டர் காற்று வேண்டும். நான்கு டயருக்கும் சேர்த்து 390 லிட்டர். லாக்கருக்கும் டயருக்கும் உள்ள தூரம் நூறு மடங்கு. அதனால் கம்ப்ரெசரின் அளவை முடிவு செய்வது உங்கள் டயர்கள்தான். லாக்கருக்கு எதுவும் போதும். மணலில் காற்றை இறக்கி ஓட்டி, பிறகு திரும்பவும் அடிக்கும் பழக்கம் அடிக்கடி உண்டென்றால் பெரியதை வாங்குங்கள். லாக்கருக்காக மட்டும் என்றால் தேவையில்லை.

டேங்க் விஷயமும் இதே கணக்கில் தீர்ந்துவிடும். லாக்கருக்கு மட்டும் என்றால் டேங்க் கட்டாயம் இல்லை. ஆனால் 4 லிட்டர் டேங்க் ஒன்று 150 பி.எஸ்.ஐ.யில் இருந்தால், அது 90 பி.எஸ்.ஐ.க்கு இறங்குவதற்குள் 16 லிட்டர் காற்றைக் கொடுக்கும். அதாவது கம்ப்ரெசர் செத்துப்போனாலும் பதினைந்து பதினாறு தடவை லாக்கர் போட்டு எடுக்கலாம், கசிவு இல்லாதவரை. எனக்குச் சிறிய டேங்க் பிடிக்கும். காரணம் இந்தக் கையிருப்புதான். அதோடு, கம்ப்ரெசர் நிமிடத்துக்கு ஒருமுறை துடித்து எழுந்து அடங்குவது குறையும். அதே டேங்க்கை நம்பி டயருக்குக் காற்றடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். 16 லிட்டர் காற்று அந்தப் பெரிய டயரை 3 பி.எஸ்.ஐ. அளவுக்கே உயர்த்தும்.

அப்படியானால் கையிலிருக்கும் பம்பையே இணைக்கலாமா? அது தரும் காற்றின் அளவு போதும். ஆனால் அதில் இரண்டு பொருட்கள் இருக்காது. ஒன்று, அழுத்தம் இறங்கினால் தானாக ஓடி, ஏறினால் தானாக நிற்கும் ப்ரெஷர் சுவிட்ச். இரண்டு, நின்ற பிறகு காற்று பம்ப் வழியாகவே திரும்பிப் போகாமல் தடுக்கும் ஒருவழி வால்வு. பல கையடக்க பம்புகளில் உருளைத் தலை வழியே காற்று மெல்லக் கசிந்து திரும்பிவிடும். இவை இரண்டையும், ஒரு ப்ரெஷர் கேஜையும், பாதுகாப்பு வால்வையும் தனியாகச் சேர்த்தால் தொழில்நுட்ப ரீதியாக அது வேலை செய்யும். ஆனாலும் பரிந்துரைக்க மாட்டேன். அந்த வகை பம்ப் வண்டிக்குள் வைத்து எடுத்துப் பயன்படுத்தச் செய்யப்பட்டது. என்ஜின் அறையின் சூட்டையும் தண்ணீரையும் அதிர்வையும் வருடக்கணக்கில் தாங்கச் செய்யப்பட்டதல்ல. வண்டியில் நிரந்தரமாகப் பொருத்தவென்றே வரும், 100 பி.எஸ்.ஐ.க்கு மேல் தாங்கும், ப்ரெஷர் சுவிட்சோடு கூடிய ஒற்றை மோட்டார் கம்ப்ரெசர் ஒன்றை வாங்கிப் பொருத்தி, பழைய பம்பை டயருக்கு வைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு. ஒன்று பழுதானால் மற்றொன்று இருக்கும்.

அழுத்தம் பற்றி எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவின் ஏ.ஆர்.பி. நிறுவனத்தின் ஏர் லாக்கர் போன்றவை 100 பி.எஸ்.ஐ.யை ஒட்டிய அழுத்தத்தில் நன்றாக இயங்குபவை. லாக்கருக்கென்றே வந்த பழைய கம்ப்ரெசர்கள் 85ல் தொடங்கி 105ல் நிற்பவை. இப்போது டயருக்கும் சேர்த்து வருபவற்றில் 135ல் தொடங்கி 150ல் நிற்பவை சாதாரணம். உங்கள் லாக்கர் எத்தனை வரை தாங்கும் என்பது அதன் கையேட்டில் இருக்கும். மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் இங்கே ஒரே எண்ணைச் சொல்லிவிட நான் தயாரில்லை. கம்ப்ரெசரின் உச்ச அழுத்தம் லாக்கரின் வரம்பை மீறினால், சோலினாய்டுக்கு முன்னால் ஒரு ரெகுலேட்டர் வைத்து இறக்கிக்கொள்ளுங்கள். மறு பக்கமும் ஆபத்து உண்டு. அழுத்தம் போதாவிட்டால் பற்கள் முழு ஆழத்துக்குக் கோர்க்காமல் நுனியில் மட்டும் பிடிக்கும். அந்த நிலையில் முழு விசையும் வந்தால் நுனிகள் தேயும், நொறுங்கவும் செய்யும். கேஜ் 70ஐ விட்டுக் கீழே இறங்கிக்கொண்டிருக்கும்போது லாக்கரை நம்பி ஏறாதீர்கள். இன்னொன்று: மிட்சுபிஷியின் சில வண்டிகளில் தொழிற்சாலையிலேயே காற்றால் இயங்கும் பின் லாக்கர் வரும். அது மிகக் குறைந்த அழுத்தத்தில், தனக்கான சிறு பம்பில் இயங்குவது. அதில் 100 பி.எஸ்.ஐ. காற்றைக் கொடுத்தால் உள்ளே இருக்கும் உறுப்புகள் கெட்டுவிடும்.

சோலினாய்டில் பலர் தவறான பொருளை வாங்கிவிடுகிறார்கள். வேண்டியது மூன்று வழி வால்வு. மின்சாரம் கொடுத்தால் கம்ப்ரெசர் காற்று லாக்கருக்குப் போக வேண்டும். மின்சாரம் நின்றால் கம்ப்ரெசர் பக்கம் மூடி, லாக்கரில் நிற்கும் காற்று மூன்றாவது துளை வழியாக வெளியே போக வேண்டும். இரண்டு வழி வால்வு போட்டால் சுவிட்சை அணைத்த பிறகும் காற்று டியூபுக்குள்ளேயே சிறைப்பட்டு நிற்கும்; லாக்கர் விடாது. கெட்டியான தார்ச்சாலையில், திருப்பத்தில், முன் ஆக்சில் பூட்டிய நிலையில் வண்டியின் ஸ்டியரிங் எப்படி நடந்துகொள்ளும் என்று யோசித்துப் பாருங்கள். மூன்றாவது துளையில் சேறு அடைத்தாலும் இதே கதைதான். அதனால் சோலினாய்டை உயரத்தில், அந்தத் துளை கீழ்நோக்கி இருக்கும்படி வையுங்கள். ஒவ்வொரு லாக்கருக்கும் தனித்தனி சோலினாய்டு இருப்பதால் ஒரு நன்மை கூடவே வருகிறது: முன் டியூப் அறுந்துபோனால் முன் சுவிட்சைத் தொடாமல் விட்டாலே போதும், பின் லாக்கர் வழக்கம்போல் இயங்கும். இணைப்புகளில் டெஃப்லான் டேப் சுற்றுவதைத் தவிர்க்கச் சொல்வேன். அதன் இழை ஒன்று பிரிந்து சோலினாய்டின் இருக்கையில் மாட்டினால் போதும், வால்வு முழுதாக மூடாது. அந்தக் கசிவைத் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. திரவமாகப் பூசும் சீலண்ட் நல்லது, அதையும் முதல் இரண்டு மரையை விட்டுவிட்டுப் பூசுங்கள்.

டியூபுக்கு வருகிறேன். என் அனுபவத்தில் கசிவுகளில் பெரும்பங்கு இங்கேதான். நைலான் டியூபைக் கட்டிங் பிளையரால் நறுக்கினால் முனை நசுங்கி முட்டை வடிவமாகிவிடும். இணைப்பிலுள்ள ரப்பர் அதைச் சுற்றிச் சரியாக உட்காராது. கூரான பிளேடால் நேர்குத்தாக வெட்டுங்கள். பாடியிலிருந்து ஆக்சிலுக்கு இறங்கும் இடத்தில், சஸ்பென்ஷன் முழுதாகத் தொங்கும்போதும் டியூப் இழுபடாத அளவுக்குத் தளர்வு வேண்டும். தரையில் நிற்கும்போது பார்த்துவிட்டுப் போதும் என்று முடிவு செய்யாதீர்கள். சேசிஸைத் தூக்கி ஆக்சிலைத் தொங்கவிட்டு, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்த்த பிறகே கிளாம்ப் போட வேண்டும். பிரேக் ஹோஸ் போகும் வழியே பெரும்பாலும் பத்திரமான வழி. வண்டியைச் செய்தவர்கள் ஆக்சிலின் அசைவையெல்லாம் யோசித்துத்தான் அதை அங்கே கொண்டுபோயிருக்கிறார்கள். சைலன்சர் குழாயிலிருந்து எவ்வளவு தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தள்ளிப் போங்கள். சூட்டில் நைலான் மெதுவாகி அழுத்தத்தில் ஊதிக்கொள்ளும். கம்ப்ரெசரின் தலையிலிருந்து வெளிவரும் காற்றும் கொதிக்கும் சூடாகவே இருக்கும். அங்கே முதல் துண்டு உலோக வலை பின்னிய ஹோஸாக இருக்க வேண்டும், நைலான் அதற்குப் பிறகுதான். ஆக்சில் வரை முழுக்கவும் உலோக வலை ஹோஸ் போடலாமா என்று கேட்பீர்கள். கல்லும் குச்சியும் நிறைந்த பாதை என்றால் கீழ்ப்பகுதிக்கு மட்டும் போடலாம். மற்ற இடங்களில் நைலானே எனக்குச் சௌகரியம், அறுந்தால் வழியிலேயே ஒரு இணைப்பானைச் செருகிச் சரிசெய்துவிடலாம் என்பதால். இதில் வேறு கருத்து உள்ள நல்ல மெக்கானிக்குகளும் உண்டு.

இனி ஆக்சிலுக்கு உள்ளே. வெளியே நிற்கும் டியூபிலிருந்து, சுற்றிக்கொண்டே இருக்கும் டிஃப்ரென்ஷியலுக்குள் காற்று போக வேண்டும். அதற்காக பேரிங்கின் அருகே அசையாத ஒரு வளையம் உட்கார்ந்திருக்கும். அதற்கும் சுற்றும் பாகத்துக்கும் நடுவே இரண்டு ஓ-ரிங்குகள், அதாவது முன்பு சொன்ன ரப்பர் வளையங்கள், காற்றை அடைத்து நிற்கும். இந்த அமைப்பிலேயே நோஞ்சான் இடம் இதுதான். இங்கே கசிந்தால் காற்று ஆக்சில் ஹவுசிங்குக்குள், அதாவது ஆக்சிலின் உலோகக் கூட்டுக்குள், போகும். ஹவுசிங்கின் பிரீதர் (உள்ளே ஏறும் அழுத்தத்தை வெளியே விடும் துளை) திறந்திருந்தால் அந்தக் காற்று வெளியேறிவிடும், சில சமயம் கியர் ஆயிலையும் கொஞ்சம் துப்பும். பிரீதர் அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, ஆயில் ஆக்சில் சீலைத் தாண்டிப் பிரேக்குக்குள் இறங்கிவிடும். இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். லாக்கர் போடும் அன்றே பிரீதரையும் கழற்றிச் சுத்தம் செய்து, உயரமான இடத்துக்குக் குழாய் இழுத்துவிடுங்கள். எதிர்த் திசையிலும் ஒரு அறிகுறி உண்டு: லாக்கரை விடுவிக்கும்போது சோலினாய்டின் துளையில் ஆயில் தெறிக்கும். புதிதாகப் பொருத்திய சில நாட்களுக்குத் துளித்துளியாக வந்தால் பயப்பட வேண்டாம். பொருத்தும்போது பூசிய ஆயில் அது. பல மாதம் கழித்துத் தொடர்ந்து வந்தால் அந்த ஓ-ரிங்குகள் தேய்ந்துவிட்டன என்றே பொருள். ஹவுசிங்குக்குள் போகும் மெல்லிய உலோகக் குழாய் கிரவுன் வீலை (டிஃப்ரென்ஷியலைச் சுற்றவைக்கும் பெரிய பல்சக்கரம்) உரசாமல் வளைந்திருக்க வேண்டும். மூடியைப் போடும் முன் கையால் முழுச் சுற்று சுற்றிப் பார்த்துவிடுங்கள். டிஃப்ரென்ஷியலைத் திறந்து பேக்லாஷ் (கியர் பற்களுக்கிடையே விடும் நுண்ணிய இடைவெளி) வைக்கும் வேலையை மட்டும், அதற்கான டயல் கேஜும் பழக்கமும் உள்ளவரிடம் விட்டுவிடுங்கள் என்பது என் வேண்டுகோள். எழுத்தில் படித்துச் செய்யக்கூடியதல்ல அது.

மின்சாரம். ஒற்றை மோட்டார் கம்ப்ரெசர் சுமை ஏறும்போது 20 முதல் 30 ஆம்பியர் வரை இழுக்கும். இரட்டை மோட்டார் அதைப்போல இரண்டு மடங்கு. 30 ஆம்பியரை, போக 3 மீட்டர் வர 3 மீட்டர் உள்ள 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் அனுப்பினால் ஒயரிலேயே ஒன்றேகால் வோல்ட் போய்விடும். 6 சதுர மில்லிமீட்டர் ஒயரில் அரை வோல்ட் தான். வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் திணறும், சூடாகும், அழுத்தம் ஏற நேரமெடுக்கும். ஆகவே பாசிட்டிவை பேட்டரியிலிருந்து நேராக எடுங்கள்; ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்; எர்த்தையும் பெயின்ட் பூசிய ஏதோ ஒரு போல்ட்டில் மாட்டாமல் பேட்டரிக்கே கொண்டுவாருங்கள். மோட்டாரின் மின்னோட்டம் ரிலே வழியாகப் போக வேண்டும். ப்ரெஷர் சுவிட்ச் அந்த ரிலேயின் காயிலை மட்டும் கட்டுப்படுத்த வேண்டும். ப்ரெஷர் சுவிட்ச் வழியாகவே மோட்டாரை ஓட்டினால் அதன் முனைகள் கருகி ஒட்டிக்கொள்ளும், அப்புறம் கம்ப்ரெசர் நிற்கவே நிற்காது. டேங்க்கில் பாதுகாப்பு வால்வு கட்டாயம் என்று சொல்வதற்கு இதுவே காரணம். சுவிட்சுகளில், பின் லாக்கர் போட்ட பிறகே முன் லாக்கருக்கு மின்சாரம் போகும்படி இணையுங்கள். நல்ல ஒயரிங் செட்டுகள் இப்படித்தான் வருகின்றன. முன் ஆக்சில் பூட்டினால் ஸ்டியரிங் இறுகிவிடும் என்பதால், தவறுதலாகக் கைபட்டு அது தனியே விழக்கூடாது.

கம்ப்ரெசரை எங்கே வைப்பது என்பதற்கு ஒரே பதில் கிடையாது. என்ஜின் அறையில் சூடு, வண்டிக்குள் சத்தம், கீழே சேசிஸில் தண்ணீர். எங்கே வைத்தாலும் காற்றை உள்ளிழுக்கும் ஃபில்டரை மட்டும் தனிக் குழாய் போட்டு உயரமான, தூசி குறைந்த இடத்துக்குக் கொண்டுபோங்கள். ஆற்றைக் கடக்கும் நடுவில்தான் லாக்கர் தேவைப்படும், அப்போதுதான் கம்ப்ரெசரும் ஓடும். அது தண்ணீரை இழுத்துவிடக் கூடாது. ஈரம் வேறு வழியிலும் வரும். 150 பி.எஸ்.ஐ. என்றால் காற்று ஏறத்தாழ பதினோரு மடங்கு நெருக்கப்படுகிறது; அது ஆறும்போது அதிலிருந்த ஈரம் நீராகப் படியும். மிக வறண்ட காற்றைத் தவிர மற்ற எதிலும் இது நடந்தே தீரும். டேங்க்கின் அடிப்பாகத்தில் வடிகால் திருகு இருக்கும்படி வைத்து, அவ்வப்போது திறந்துவிடுங்கள். லாக்கருக்குப் போகும் குழாயை டேங்க்கின் மேல்பக்கத்திலிருந்து எடுங்கள். உறைபனி விழும் இடத்துக்குப் போகிறவர்களுக்கு, தேங்கிய துளி நீர் சோலினாய்டில் உறைந்து அடைத்துவிடும் என்பதால் இது இன்னும் முக்கியம். டேங்க் என்று பி.வி.சி. குழாயை மூடி ஒட்டிப் பயன்படுத்துகிறவர்களைப் பார்க்கிறேன், தயவுசெய்து வேண்டாம். அது வெடித்தால் கத்தி கத்தியாகச் சிதறும். அழுத்தத்துக்கென்று செய்து சோதித்த உலோக டேங்க் மட்டுமே.

எல்லாம் பொருத்திய பிறகு செய்ய வேண்டிய சோதனையை யாரும் அவசரப்படுத்தக் கூடாது. கம்ப்ரெசர் தானாக நிற்கும்வரை ஓடட்டும். இரண்டு லாக்கரும் அணைந்த நிலையில் 15 நிமிடம் காத்திருங்கள். கம்ப்ரெசர் திரும்ப ஓடினால் கசிவு சோலினாய்டுக்கு முன்னால் இருக்கிறது: டேங்க், இணைப்புகள், ஒருவழி வால்வு, அல்லது சோலினாய்டே. ஓடவில்லை என்றால் பின் லாக்கரை மட்டும் போட்டு இன்னொரு 15 நிமிடம். பிறகு பின்னதோடு முன்னதையும் சேர்த்து. இந்த வரிசையில் போனால் எந்தப் பகுதியில் கசிவு என்பது தானாகப் பிரிந்து வந்துவிடும். அதற்குப் பிறகு சோப்பு நீரோடு அந்தப் பகுதியை மட்டும் தேடினால் போதும். நுரை எங்குமே வரவில்லை, ஆனாலும் லாக்கர் போட்டால் அழுத்தம் இறங்குகிறது என்றால், பிரீதர் குழாயின் முனையில் கொஞ்சம் சோப்பு நீரை வைத்துப் பாருங்கள். அங்கே குமிழி கிளம்பினால் கசிவு ஆக்சிலுக்குள். நிற்கும்போது கசியாமல், சக்கரம் சுற்றும்போது மட்டும் கசிகிற ஓ-ரிங்கும் உண்டு. அதனால் மண் தரையில் நேராக, மெதுவாக ஓட்டியபடியும் கேஜைப் பார்க்க வேண்டும். லாக்கர் உண்மையிலேயே பூட்டுகிறதா என்பதற்கு: மறு ஆக்சிலின் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, சோதிக்கும் ஆக்சிலை ஸ்டாண்டில் ஏற்றி, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, என்ஜின் அணைந்த நிலையில் கியரில் போடுங்கள். முன் ஆக்சில் என்றால் நான்கு சக்கர இயக்கத்தையும், ஹப்பையும் போட்டிருக்க வேண்டும். லாக்கர் இல்லாதபோது ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றினால் மற்றது எதிர்த் திசையில் சுற்றும். லாக்கர் போட்டதும், பற்களுக்கிடையே உள்ள சிறு ஆட்டத்தைத் தவிர, இரண்டும் அசையக் கூடாது.

காற்றின் தலையில் விழும் ஒரு பழியையும் இங்கே சொல்லிவிடுகிறேன். சுவிட்சை அணைத்தும் லாக்கர் விடவில்லை என்று கம்ப்ரெசரையும் சோலினாய்டையும் மாற்றுகிறவர்கள் நிறைய. பெரும்பாலும் காற்று எப்போதோ வெளியேறியிருக்கும். இரண்டு சக்கரமும் ஒன்றையொன்று முறுக்கிப் பிடித்திருப்பதால் பற்கள் நெருக்கப்பட்டு, ஸ்பிரிங்கால் அவற்றைப் பிரிக்க முடியாமல் நிற்கும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராக்கி, ஒரு அடி பின்னால் எடுத்தால் டக்கென்று விட்டுவிடும். அணைக்கும்போது சோலினாய்டில் புஸ் என்ற சத்தம் கேட்டதா என்று கவனியுங்கள். கேட்டிருந்தால் காற்றுப் பக்கம் சரியாக இருக்கிறது. போடும்போதும் அப்படியே: நின்றபடி அல்லது ஊர்ந்தபடி போடுங்கள். ஒரு சக்கரம் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது போட்டால் பற்கள் மோதி உடையும்.

கம்ப்ரெசரே இல்லாமல் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரில் லாக்கரை இயக்குகிறவர்களும் இருக்கிறார்கள். லாக்கருக்குக் கொஞ்சமே வேண்டும் என்பதால் அது நடக்கும். ஆனால் 20 டிகிரி செல்சியஸில் அந்தச் சிலிண்டருக்குள் சுமார் 57 பார், அதாவது 830 பி.எஸ்.ஐ. இருக்கிறது, நம்பகமான ரெகுலேட்டரும் அதற்குப் பின்னால் பாதுகாப்பு வால்வும் இல்லாமல் தொடக் கூடாது. மூடிய வண்டிக்குள் கசிந்தால் மூச்சுக்கு ஆபத்து. சிலிண்டர் காலியானால் திரும்ப நிரப்பும்வரை லாக்கரும் இல்லை. என்ஜின் பெல்ட்டில் ஓடும்படி மாற்றிய ஏ.சி. கம்ப்ரெசர் காற்றை அள்ளிக் கொட்டும், கூடவே ஆயிலையும் தெளிக்கும். ஆயில் பிரிப்பான் வைத்துப் பராமரிக்கப் பொறுமை வேண்டும். காற்றில் இயங்கும் ஸ்பேனர் ஓட்டுகிறவர்களுக்கு அது பயன்படும். உங்கள் தேவைக்கு இரண்டுமே அதிகம்.

அதைவிட எளிய ஒரு மாற்று ஏற்பாட்டைச் செய்துவைத்துக்கொள்ளுங்கள். சோலினாய்டுகளுக்குக் காற்று வரும் குழாயில், ஒருவழி வால்வுக்கும் சோலினாய்டுக்கும் நடுவே ஒரு டீ இணைப்பு வைத்து, அதில் டயரில் இருப்பது போன்ற வால்வு ஒன்றைப் பொருத்துங்கள். கம்ப்ரெசர் ஓடாத நாளில், 100 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகும் சைக்கிள் கைப்பம்பாலேயே லாக்கரைப் பூட்டிவிடலாம். ஒரு லிட்டர் காற்றுதானே. டேங்க் இருந்தால், அதைப் பிரிக்க நடுவில் ஒரு சிறு குழாய் வால்வு வேண்டும், இல்லாவிட்டால் டேங்க்கை நிரப்பியே கை ஓய்ந்துவிடும். ஸ்டெப்னியிலிருந்து காற்று எடுக்கும் யோசனை மட்டும் பலிக்காது, அதில் இருக்கும் அழுத்தம் போதாது. வண்டியில் இரண்டு மீட்டர் டியூப், நேர் இணைப்பான்கள் சில, சோலினாய்டு துளையை அடைக்க ஒரு திருகு, ஒரு சோலினாய்டு, ரிலே, ஃபியூஸ், கூரான பிளேடு இவ்வளவும் ஒரு சின்னப் பையில் அடங்கும்.

உங்கள் லாக்கர் எந்த நிறுவனத்தின் எந்த மாடல், ஆக்சில் எது என்று நீங்கள் எழுதவில்லை. அது தெரியாமல் அழுத்த வரம்பையும் டியூபின் விட்டத்தையும் நான் உறுதியாகச் சொல்வது பொறுப்பில்லாத வேலை. மாடலை எழுதுங்கள். பொருத்தி முடித்த பிறகு அந்த 15 நிமிடச் சோதனைகள் ஒவ்வொன்றிலும் கேஜ் எதிலிருந்து எதற்கு இறங்கியது என்பதையும் குறித்து அனுப்புங்கள்; அந்த எண்களை வைத்தே எங்கே தேட வேண்டும் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.